பன்னிரண்டரை மணிக் கச்சேரியும் இருபத்து நாலு மணி நேர இதயமும்

உடம்புக்கு ஒன்றுமே இல்லாதவனைப் போல ஊருக்குத் தொந்தரவு தருகிறவன் வேறு யாரும் இல்லை. நோயாளி பாவம், மாத்திரையைப் போட்டுக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவான். ஒன்றும் இல்லாதவன்தான் ‘ஏன் ஒன்றும் இல்லை?’ என்று கண்டுபிடிக்கக் கிளம்புவான். தொண்ணூறுகளின் நடுவில், நாற்பதை எட்டிப் பார்க்கிற வயதில், நான் அப்படிக் கிளம்பினேன். தனியாகப் போய்த் தொலைந்திருந்தால் பரவாயில்லை. என் மனைவி மைதிலியின் வாழ்க்கையில் முக்கியமான ஒரு மத்தியானத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனேன்.

அந்த மத்தியானத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மைதிலி சின்ன வயதிலிருந்து பாட்டுக் கற்றவள். அபிராமபுரத்தில் எங்கள் வாடகை வீட்டு ஹாலில் சாயங்காலமானால் ஏழெட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். மேடைதான் கிடைக்கவில்லை. அந்த வருஷம் மயிலாப்பூர் சபா ஒன்றில் டிசம்பர் சங்கீத சீசனில் கிடைத்தது. பகல் பன்னிரண்டரை மணிக் கச்சேரி. (பன்னிரண்டரை மணிக் கச்சேரி என்றால் என்ன என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: டிக்கெட் கிடையாது, கூட்டமும் கிடையாது. கேன்டீனில் இலைக்காகக் காத்திருக்கிறவர்கள் ஃபேன் காற்றுக்காக உள்ளே வந்து உட்காரும் நேரம்.)

சபா செக்ரட்டரி அவளிடம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்: “கூட்டம் வந்தா அடுத்த வருஷம் சாயங்கால ஸ்லாட் பத்திப் பேசலாம். வரலேன்னா, தப்பா நினைச்சுக்காதேம்மா, ஆத்துலயே பாடிக்கோ.”

ஆக, எத்தனை தலை உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. நவராத்திரியிலிருந்தே மைதிலி காம்போதி ராகத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். சமையலறையில் காம்போதி, துணி உலர்த்தும்போது காம்போதி, பால்காரரோடு சண்டை போடும்போதுகூடக் காம்போதியின் சாயல்.

இந்தச் சமயத்தில்தான் ஆழ்வார்பேட்டையில் எங்கள் ஆபீஸின் மேல்மாடி மேனேஜர், ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். செய்தியை எனக்குக் கொண்டுவந்தவன் பக்கத்து சீட் கஜேந்திரன். பட்டினப்பாக்கத்துக்காரன். கெட்ட செய்தியைச் சொல்லும்போது குரலில் ஒரு பாசம் வந்துவிடும் அவனுக்கு.

“மச்சி, மேல்மாடி சாருக்கு ஹார்ட்டாம். ஆஸ்பத்திரில கீறாரு.”

“அவருக்கா? சிகரெட் கிடையாது, குண்டு கிடையாது, நேத்திக்குக்கூட நன்னாத்தானேடா இருந்தார்?”

“அதான் மச்சி மேட்டரே. நல்லா இருக்கறவனுக்குத்தான் இப்பல்லாம் வருதாம்.” என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தான். “நீகூட நல்லாத்தானே கீறே?”

மேனேஜர் ஒரு மாதத்தில் திரும்பி வந்து, முன்னைவிட உற்சாகமாக எங்கள் லீவு விண்ணப்பங்களை நிராகரிக்க ஆரம்பித்துவிட்டார். நான்தான் திரும்பி வரவில்லை.

பதறினேனே தவிர, நான் படித்தவன் இல்லையா? யாரோ சொன்னார்கள் என்று கண்ட டெஸ்டுக்கு ஓடுகிறவனா? நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிற ஒருவன் இதயத்துக்கு என்னென்ன பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதற்கு நம்பகமான ஒரு வழிகாட்டியைத் தேர்ந்தெடுத்து, அதன்படிதான் நடப்பது என்று முடிவு செய்தேன். முடிவு அற்புதமான முடிவு. தேர்ந்தெடுத்த விதத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

மூன்று வழிகாட்டிகள் கிடைத்தன. ஒன்று, அமெரிக்காவில் இருந்த என் அத்திம்பேர் வரும்போது கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன புத்தகம். அங்கே டாக்டர்கள் கூடிப் பேசி மக்களுக்காக எழுதியது, வழவழ காகிதம். இரண்டு, வாரப் பத்திரிகையின் டாக்டர் பதில் பகுதி. மூன்று, ஒருநாள் காலை பேப்பருக்குள்ளிருந்து விழுந்த தி.நகர் லேப் ஒன்றின் துண்டுப் பிரசுரம். ‘முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டீர்களா? உங்கள் இதயத்தை நீங்கள் விசாரித்தீர்களா?’ என்று கேட்டது அது. நான் விசாரித்ததில்லை. குற்ற உணர்ச்சியாகிவிட்டது.

மூன்றும் மூன்று விதமாகச் சொன்னால் எதை நம்புவது? இது எங்கள் வீட்டுக்குப் பழக்கமான சிக்கல்தான். வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நாளைச் சொல்லும், திருக்கணிதம் மறுநாளைச் சொல்லும். அப்போதெல்லாம் என் அப்பா ஒரு முறை வைத்திருந்தார்: எந்தப் பஞ்சாங்கத்தின்படி செய்தால் வீட்டில் எல்லோருக்கும் அதிகக் கஷ்டமோ, அதுதான் சரியான பஞ்சாங்கம். சுலபமாக இருந்தால் அதில் எங்கேயோ தப்பு இருக்கிறது. இந்தத் தராசில்தான் என் இதயத்தையும் நிறுத்தேன்.

வாரப் பத்திரிகை டாக்டர் நாலு வரியில் முடித்துவிட்டார். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு பாருங்கள், தினமும் நடங்கள், காபியைக் குறையுங்கள், வீண் கவலை வேண்டாம். இதயத்துக்கு நாலு வரி! அதே பக்கத்தில் முடி கொட்டுவதற்கு அரைப் பத்தி கொடுத்திருந்தார். தள்ளுபடி. (காபியை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதில் கஷ்டம் இருந்தது. குறைக்கச் சொன்னார், நான் அடியோடு நிறுத்தினேன்.)

அமெரிக்கப் புத்தகத்தைப் பக்திசிரத்தையாகப் பிரித்தேன். நடுவில் திறந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை மீன் சாப்பிடுங்கள் என்று படத்தோடு போட்டிருந்தது. மூடி வைத்துவிட்டேன். அபிராமபுரத்தில் இருக்கிற இதயத்தைப் பற்றி இந்தப் புத்தகத்துக்கு என்ன தெரியும்?

கஜேந்திரனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். “பட்டினப்பாக்கத்துல எங்க ஆயா தெனிக்கும் ரெண்டு வேளை துண்ணுது. அப்ப எங்க ஆயாதான் அமெரிக்காவுக்கே டாக்டரு.”

மிச்சம் இருந்தது லேப்காரர்களின் துண்டுப் பிரசுரம். அதில் ஒரு பக்கம் முழுக்க டெஸ்டுகள். பாதிக்குமேல் பெயர்கள் வாயில் நுழையவில்லை. வெறும் வயிற்றில் வர வேண்டும், நெஞ்சில் ஒயர் ஒட்டுவார்கள், மெஷின்மேல் ஓடவிடுவார்கள். இவ்வளவு கஷ்டம் இருக்கிறதே, இதைவிட நம்பகமான வழிகாட்டி உண்டா?

மைதிலியிடம் சொன்னேன். வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏன்னா, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கறதா?”

“இல்லை.”

“மார் வலிக்கறதா?”

“இல்லை. அதுதான் பயமா இருக்கு.”

“வலிச்சா டாக்டர்ட்டப் போவா. வலிக்கலேன்னு போறவரை இப்பத்தான் பார்க்கறேன்” என்றாள். கத்தி நிற்கவில்லை, காம்போதியும் நிற்கவில்லை.

மார்கழி பிறந்த அன்று காலை, கோவிலுக்குப் போய்விட்டு அப்படியே தி.நகருக்குப் போனேன். முதலில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ஒரு இளம் டாக்டர் காகிதத்தைப் பார்த்து, “லேசா ஒரு வித்தியாசம் தெரியுது. பெரிசா ஒண்ணும் இருக்காது. எதுக்கும் டிரெட்மில் பண்ணிடலாம்” என்றார். பெரிசாக ஒன்றும் இருக்காது என்பது என் காதில் விழவே இல்லை. ‘எதுக்கும்’ மட்டும் விழுந்தது.

டிரெட்மில் அறையில் இருந்த டெக்னீஷியன் என்னைப் பார்த்துத் திகைத்துப் போனார்.

“இன்னா நைனா, வேட்டி கட்டிக்கினு வந்துகீறே?”

“கோவில்லேர்ந்து வரேன்.”

“இது ஓட்ற மிசின் நைனா. பேன்ட்டு போட்டுக்கினு வரணும்னு சொல்லலியா? சரி, மடிச்சுக் கட்டு. நல்லா இறுக்கிக் கட்டு. அப்பறம் என்னைச் சொல்லாதே.”

நெஞ்சில் ஒயர் ஒட்டுவதற்காக அங்கங்கே சவரம் செய்தார். டெலிபோன்காரர்கள் தோண்டிப் போட்ட லஸ் கார்னர் சாலை மாதிரி ஆகிவிட்டது நெஞ்சு. மெஷின் ஓட ஆரம்பித்தது. முதலில் கோவில் பிரகாரம் சுற்றுகிற வேகம். பிறகு பஸ்ஸைத் துரத்துகிற வேகம். பிறகு தரை மேல்நோக்கிச் சாய்ந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு நர்ஸ் அறைக்குள் வந்து நின்றாள். இடுப்பில் முடிச்சு மெல்ல விட்டுக்கொடுப்பது எனக்குத் தெரிந்தது. ஒரு கை கம்பியில், ஒரு கை வேட்டியில். அந்தக் கடைசி இரண்டு நிமிஷத்தில் என் இதயம் அடித்துக்கொண்டதற்கும் ரத்தக் குழாய்க்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் மெஷினுக்கு வேட்டி தெரியாதே! ‘சந்தேகத்துக்கு இடமான மாற்றம்’ என்று ரிப்போர்ட் வந்தது.

அடுத்தபடியாக இருபத்து நாலு மணி நேரப் பரிசோதனை. நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு பெட்டியைக் கட்டிவிடுவார்கள். உள்ளே சாட்சாத் டேப் ரிக்கார்டர் கேசட் ஓடும். ஒரு பகல், ஒரு ராத்திரி இதயம் அடிப்பதை எல்லாம் அது பதிவு செய்யும். லேபில் இருந்தது ஒரே ஒரு பெட்டி. அது காலியாக இருந்த நாள் ஒன்றே ஒன்று: மைதிலியின் கச்சேரிக்கு முந்தின நாள் சாயங்காலம் கட்டிக்கொண்டு, கச்சேரியன்று சாயங்காலம் கழற்றிக் கொடுக்க வேண்டும். அதை விட்டால் பொங்கலுக்குப் பிறகுதான்.

பொங்கல்வரை நான் இருப்பேனா? கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மைதிலி பெட்டியைப் பார்த்தாள். ஒயர்களைப் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: “நாளைக்கு முன் வரிசையில வந்து உட்காருங்கோ. இருமப்படாது. பாதியில எழுந்து போகப்படாது. சாகப்படாது. சாயங்காலத்துக்கு மேல உங்க இஷ்டம்.”

அன்று ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. இந்தப் பக்கம் புரண்டால் ஒயர், அந்தப் பக்கம் புரண்டால் பெட்டி. காலையில் காபியும் இல்லை.

மறுநாள் சபாவில் நாற்பது பேர் தேறினார்கள். மாணவிகளின் அம்மாக்கள் கொஞ்சம், எந்த சபாவில் எது இலவசமோ அங்கே இருக்கும் ரிட்டயர்ட் மாமாக்கள், மாமிகள் மிச்சம். கேன்டீன் நெய் ரோஸ்ட்டைச் சொல்லி ஆசை காட்டி, அரை நாள் லீவு போட வைத்து, கஜேந்திரனையும் அழைத்து வந்திருந்தேன். அவனுக்கு அது முதல் கச்சேரி. “தலையை எப்ப ஆட்டணும்னு சொல்லு, ஆட்டிடறேன்” என்றான்.

திரை விலகியது. பட்டுப் புடவையில் மைதிலி உட்கார்ந்திருந்தாள். முதலில் பாடிய வர்ணம் நன்றாகப் போனது. நாற்பது தலையும் அசைந்தன. இரண்டாவது உருப்படி ஆரம்பித்தபோது பின்னாலிருந்து யாரோ என் தோளைத் தொட்டார்கள். செக்ரட்டரி.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் சபாக்களில் கச்சேரியைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்வதுதான் மகா பாதகம். ரசிகர்கள் தோள்பையில், டிபன் கூடையில், சால்வைக்குள் என்று டேப் ரிக்கார்டரை மறைத்துக் கொண்டுவருவார்கள். அவர்களைப் பிடிப்பதில் இந்தச் செக்ரட்டரிக்குப் பெரிய பெயர் இருந்தது. அவர் கண்ணில் பட்டது என்ன? முன் வரிசையில் ஒரு ஆள். ஜிப்பா கழுத்திலிருந்து எட்டிப் பார்க்கும் ஒயர். இடுப்பில் புடைப்பு.

“வெளில வாங்கோ” என்று காதோடு சொன்னார்.

“எதுக்கு?”

“மெஷினோட வாங்கோ.”

மேடையில் மைதிலியின் கண் எங்கள் பக்கம் திரும்பியது. தகராறு செய்தால் அவள் பாட்டு கெடும். எழுந்து போனேன். வராந்தாவில் அவர் குரல் ஏறியது.

“யார் அனுப்பினா உம்மை? எந்தக் கேசட் கம்பெனி?”

“சார், நான் பாடறவாளோட ஆத்துக்காரர்.”

“பிடிபட்டா எல்லாரும் அதைத்தான் சொல்றா. போன வாரம் ஒருத்தர் மிருதங்கக்காரரோட ஆத்துக்காரின்னு சொன்னார். மீசை வெச்சுண்டு! கழட்டும் அந்த டேப்பை.”

“கழட்டக் கூடாது சார். சாயங்காலம் வரைக்கும் ஓடணும்.”

“சாயங்காலம் வரைக்குமா? மூணு கச்சேரியும் வேணுமா உமக்கு?” என்று ஒயரைப் பிடித்து இழுத்தார். அது நெஞ்சு வரைக்கும் போவதைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். நான் ஜிப்பாவைத் தூக்கிக் காட்டினேன். பிளாஸ்திரி, சவரத் திட்டுகள், ஒயர்கள். நிறம் மாறிவிட்டது அவருக்கு.

“இது... ஹார்ட்டா?” என்றவர், எனக்குப் பதில் சொல்ல நேரம் கொடுக்காமல், சபாவே அதிர, “தண்ணி! யாராவது தண்ணி கொண்டு வாங்கோ! ஹார்ட் பேஷன்ட்!” என்று கத்தினார்.

பன்னிரண்டரை மணி ரசிகர்களைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களுக்கு சங்கீதம் பிடிக்கும். அதைவிட ஹார்ட் பிடிக்கும். நிமிஷத்தில் வராந்தா நிரம்பிவிட்டது. என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, ஆளாளுக்கு வழிகாட்ட ஆரம்பித்தார்கள்.

“கார்த்தால வெறும் வயத்துல பூண்டு. முழுசா முழுங்கணும்.”

“பூண்டா? நம்மாத்துல ஏது பூண்டு? வெந்தயம் சொல்லுங்கோ.”

“மெரினாவுல நடக்கணும். வேகமா நடக்கணும்.”

“நடக்கவே கூடாது! என் சம்பந்தி நடந்துதான் போனார்.”

“எங்க போனார்?”

“போயே போய்ட்டார்ங்கறேன்.”

ஒரு மாமி என் பெட்டியைத் தட்டிப் பார்த்து, “ஸ்டீரியோவா?” என்று கேட்டாள்.

இந்த இரைச்சலுக்கு நடுவே உள்ளேயிருந்து மைதிலியின் குரல் வந்தது. வெறும் சுவர்களில் பட்டுத் திரும்பிய குரல். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். நடுவில் கஜேந்திரன் ஒருவன் மட்டும். அவனையே பார்த்துப் பாடிக்கொண்டிருந்தாள் அவள். அவனும் பாவம், பயத்தில் நிறுத்தாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். தாளத்துக்குச் சம்பந்தம் இல்லாமல் தொடையில் ஓங்கி ஓங்கி வேறு தட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து ஓடிவந்தான்.

“மச்சி, உள்ள நான் ஒர்த்தன்தான் கீறேன். அண்ணி என்னையே பார்த்துப் பாடுது. அதும் கண்ணுல தண்ணி நிக்குது. என்னால தாங்க முடியாது, நீ வா.”

செக்ரட்டரியும் உள்ளே எட்டிப் பார்த்தார். “த்சு. ஆளே இல்லையே” என்று முணுமுணுத்தார். அவ்வளவுதான், அடுத்த வருஷத்து ஸ்லாட் என் கண் முன்னால் செத்துக்கொண்டிருந்தது. கொன்றவன் நான். அத்தனை வாரங்களில் முதல் தடவையாக என் இதயம் எனக்கு மறந்துபோயிற்று. நாற்காலியிலிருந்து எழுந்து, அங்கே இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்:

“டாக்டர் என்னைத் தனியா இருக்கப்படாதுன்னு சொல்லியிருக்கார். சுத்தி பத்து முப்பது பேர் இருக்கணுமாம். பேசப்படாது, அசையப்படாது. நல்ல சங்கீதமா இருந்தா ரொம்ப விசேஷம். முடியற வரைக்கும் யாரும் எழுந்து போனா... அப்பறம் அவர் பொறுப்பு இல்லைன்னுட்டார்.”

எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. எந்த நாட்டுப் புத்தகத்திலும் அப்படி இல்லை. நான் நின்ற நிலையில் இயற்றியது. ஆனால் அந்த சீசனில் நான் கேட்ட அத்தனை வழிகாட்டுதல்களிலும், எல்லோரும் மறுபேச்சில்லாமல் பின்பற்றியது இது ஒன்றைத்தான்.

சுவாமி புறப்பாடு மாதிரி என்னை நடுவில் விட்டு உள்ளே அழைத்துப் போனார்கள். என்னைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்தார்கள். முதல் மூன்று வரிசையும் அடைத்துக்கொண்டது. மேடையைப் பார்த்தவர்கள் பாதி, என்னைப் பார்த்தவர்கள் பாதி என்றாலும் மேடையிலிருந்து பார்க்கிறவளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கேன்டீனுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தவர்கள், “யார் பாடறா? முன்னாடி இடிச்சுண்டு உட்கார்ந்திருக்காளே!” என்று உள்ளே வந்தார்கள். கூட்டம் இருந்தால் கூட்டம் வருவது இந்த ஊர் வழக்கம், அது சபாவாக இருந்தாலும் சரி, பாண்டி பஜாராக இருந்தாலும் சரி. மைதிலி காம்போதியைத் தொட்டபோது பின் வரிசை வரைக்கும் தலைகள். செக்ரட்டரி கதவோரத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

காம்போதி நிதானமாக எழும்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மறுபடி திறந்தபோது கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

மங்களம் முடிந்ததும் செக்ரட்டரியே மேடைக்குப் போய், “அடுத்த வருஷம் நாலு மணி ஸ்லாட்டும்மா” என்றார். மைதிலி கீழே இறங்கி நேராக என்னிடம் வந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

“என்னன்னா அது கலாட்டா? எல்லாரும் எழுந்து போனதும் இதோட நிறுத்திடலாம்னுகூட நினைச்சேன். அப்பறம் எல்லாரும் வந்தா. ஆனா பயம் போகலை. காம்போதி எடுக்கறச்சே உங்களைப் பார்த்தேன் பாருங்கோ... கண்ணை மூடிண்டு, தலை ஒரு பக்கம் சாஞ்சு, அப்படியே கரைஞ்சு போயிருந்தேள். இவரே இப்படிக் கேக்கறார்னா நான் ஏதோ நன்னாத்தான் பாடிண்டிருக்கேன்னு தோணித்து. அப்பறம் யாரையும் பார்க்கலை நான். உங்களை மட்டும் பார்த்துண்டே பாடிட்டேன்.”

நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். (வேறு என்ன செய்வது?) பக்கத்தில் கஜேந்திரன், “ஆமா அண்ணி, இவன் ரொம்ப ஆழமா கேட்டான்” என்று சொல்லிவிட்டு நெய் ரோஸ்ட்டைத் தேடிப் போய்விட்டான்.

அதன் பிறகு வந்த பத்து நாள் என் தாம்பத்தியத்தின் பொற்காலம். தோசை கேட்டால் தோசை. வருகிறவர்களிடம் எல்லாம், “இவருக்கு சங்கீதம் தெரியாதுன்னு இத்தனை நாள் நினைச்சுண்டிருந்தேன்” என்று மைதிலி பெருமையாகச் சொன்னாள்.

கேசட்டைப் பார்த்துச் சொல்ல அடையாறில் ஒரு இதய டாக்டரிடம் அனுப்பியிருந்தார்கள். மைதிலியும் கூட வந்தாள். டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். சிகரெட் உண்டா, பிரஷர் உண்டா, சர்க்கரை உண்டா, அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ சின்ன வயதில் இதய நோய் வந்ததா, படி ஏறினால் வலிக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். இல்லை, இல்லை, இல்லை. பிரஷர் பார்த்தார். கொழுப்பு ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

“ஒண்ணும் இல்லையே. அப்பறம் எதுக்கு டிரெட்மில்ல ஓடினீங்க?”

துண்டுப் பிரசுரத்தை எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதை யார் அச்சடிச்சது?”

“லேப்ல.”

“டெஸ்ட் எடுக்கறது?”

“அவாதான்.”

“ஹோட்டல்காரர்கிட்ட போய், எனக்குப் பசிக்குதா சார்னு கேப்பீங்களா? கேட்டா அவர் என்ன சொல்வார்?” என்றார். “எந்தத் தொந்தரவும் இல்லாத, ரிஸ்க்கும் கம்மியா இருக்கற ஆளை மெஷின்ல ஏத்தினா, நிஜ வியாதியைவிட பொய் அலாரம்தான் அதிகமா அடிக்கும். அப்பறம் அதைத் துரத்திக்கிட்டு அடுத்த டெஸ்ட், அதுக்கு அடுத்த டெஸ்ட். எழுதினவன் யாரு, யாருக்காக எழுதினான், இதனால என்ன கெடுதல் வரும்னும் சேர்த்துச் சொல்றானான்னு பார்க்க வேண்டாமா? நல்லதா ஒண்ணுகூடவா கிடைக்கலை உங்களுக்கு?”

பையில் இருந்த அமெரிக்கப் புத்தகத்தைத் தயங்கித் தயங்கி எடுத்தேன். அவர் முதல் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். பெரிய எழுத்தில் இருந்தது: தொந்தரவு இல்லாதவர்கள் ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை பாருங்கள், புகைக்காதீர்கள், நடங்கள், டாக்டர் காரணம் சொல்லாமல் டிரெட்மில் போன்றவை வேண்டாம். கிட்டத்தட்ட வாரப் பத்திரிகை டாக்டரின் அதே நாலு வரி.

“இது கையிலயே இருந்திருக்கு. ஏன் விட்டீங்க?”

“உள்ளே மீன் சாப்பிடச் சொல்லியிருந்தது டாக்டர்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு கேசட்டிலிருந்து எடுத்திருந்த நீளமான காகிதத்தைப் பிரித்தார்.

“உங்க ஹார்ட் பிரமாதமா இருக்கு. ராத்திரி முழுக்கத் தூங்கலை போலிருக்கே? மத்தியானம் ஒரு மணி சுமாருக்கு நல்லா எகிறியிருக்கு. என்ன ஆச்சு?”

“சபா செக்ரட்டரி பிடிச்சுட்டார்.”

“ஓ. ஆனா அதுக்கப்பறம் பாருங்க,” என்று காகிதத்தின் மேல் பேனாவை ஓட்டினார், “ஒண்ணரைக்கு மேல அழகா இறங்கிடுச்சு. ரெண்டு மணி தாண்டி வரைக்கும். தூங்கும்போதுதான் இப்படி இறங்கும். நல்ல தூக்கம்! குழந்தை மாதிரி தூங்கியிருக்கீங்க.”

மைதிலி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“எப்போலேர்ந்து டாக்டர்?”

“ஒண்ணரை.”

“காம்போதி” என்றாள் மைதிலி.

“என்னம்மா?”

“ஒண்ணும் இல்லை டாக்டர். இவர் ஹார்ட் ஸ்திரமாத்தானே இருக்கு? அதிர்ச்சி எல்லாம் தாங்குமோன்னோ?”

“தாராளமா.”

“அப்ப சரி. வெளில போய்ப் பேசிக்கறோம்.”

அடையாறிலிருந்து அபிராமபுரம் வரை ஆட்டோவில் அவள் பேசியதை இங்கே எழுதுவதற்கில்லை. ஆட்டோக்காரர் நடுவில் ஒரு தடவை திரும்பி, “இன்னாம்மா, சார் வேற வூடு ஏதாச்சும் வெச்சுகீறாரா?” என்று கேட்டார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இப்போது நானும் ஐம்பதைத் தாண்டிவிட்டேன். டாக்டரம்மா சொன்னபடி அவ்வப்போது பிரஷரும் சர்க்கரையும் கொழுப்பும் பார்த்துக்கொள்கிறேன், நடக்கிறேன், காபியும் குடிக்கிறேன். மைதிலி நாலு மணி ஸ்லாட்டுக்குப் போய், பிறகு ஆறரை மணி ஸ்லாட்டுக்கும் போய்விட்டாள். மற்றவர்கள் கச்சேரிக்கு இரண்டு பேரும் சேர்ந்து போனால், நான் கண்ணை மூடின மறுவிநாடி அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பாள். ‘எத்தனை அன்யோன்யம்’ என்று பின் வரிசை மாமிகள் நினைத்துக்கொள்வார்கள். அவளே மேடையில் இருக்கிற நாட்களில் அந்த வேலை கஜேந்திரனுக்கு. ராகம் ஆரம்பித்ததும் இரண்டு விரலை என் மணிக்கட்டில் வைத்து, கொஞ்ச நேரம் எண்ணி, மேடையைப் பார்த்துத் தலையை ஆட்டுவான். மேலும் கீழும் ஆட்டினால் வீட்டில் எனக்கு ராத்திரிச் சாப்பாடு உண்டு. பக்கவாட்டில் ஆட்டினால், கேன்டீன் ஒன்பது மணி வரை திறந்திருக்கும்.